செயற்கை உலோக நொதி: உலோகம் பிணைந்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது

கேள்வி சுருக்கமாக இதுதான். முதுகலை ஆய்வு மாணவர் ஒருவர், செயற்கை உலோக நொதி ஒன்றை, அதாவது உலோகத்தை உள்ளே வைத்து வினையை நடத்தும் செயற்கைப் புரதத்தைச் செய்ய முயல்கிறார். நான்கு சுருள்கள் கொண்ட ஒரு சிறிய புரதத்தில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை மூன்று இடங்களில் வைத்து, அதில் தாமிரத்தைப் பிணைத்திருக்கிறார். பிணைப்பு உறுதியாக இருக்கிறது. வினையும் நடக்கிறது. ஆனால் விளைபொருளில் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான வலக்கை வடிவமும் இடக்கை வடிவமும் சரிபாதியாக வருகின்றன. "புரதத்துக்குள் உலோகத்தை வைத்தால் போதும் என்று நினைத்தேன். வேறு என்னதான் செய்ய வேண்டும்?" என்று கேட்கிறார்.

நேரான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் உலோகத்துக்கு இடம் செய்திருக்கிறீர்கள். வினைபடுபொருளுக்கு இன்னும் இடம் செய்யவில்லை. இந்தத் துறையில் பெரும்பாலான உழைப்பு அந்த இரண்டாவது இடத்துக்காகத்தான் போகிறது. இன்னொரு சந்தேகமும் எனக்கு இருக்கிறது: வினையைச் செய்வது உங்கள் புரதத்துக்குள் இருக்கும் தாமிரம்தானா? அதைச் சோதிக்க ஒரு நாள் போதும், கடைசியில் சொல்கிறேன்.

இரண்டாவது இடம் என்று நான் எதைச் சொல்கிறேன் என்பதற்கு இயற்கையிலிருந்தே ஓர் உதாரணம். நம் சிவப்பணுக்களில் உள்ள கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொதியில் ஒரு துத்தநாக அயனி, அதைப் பிடித்திருக்கும் மூன்று ஹிஸ்டிடின்கள், நான்காவதாக ஒரு நீர் மூலக்கூறு. பாடநூல் படம் பெரும்பாலும் இதோடு நின்றுவிடும். அந்த நொதியின் வேகமான வகை ஒரு நொடியில் ஏறக்குறைய 10 லட்சம் கார்பன் டைஆக்சைடு மூலக்கூறுகளை மாற்றுகிறது. மூன்று ஹிஸ்டிடினும் ஒரு துத்தநாகமும் மட்டும் அதைச் செய்துவிடுமா? வின்சென்ட் பெக்கோராரோவின் குழு இந்தக் கேள்வியை நேரடியாகவே கேட்டது. மூன்று சுருள்கள் பின்னிய ஒரு பெப்டைடில் அதே மூன்று ஹிஸ்டிடின், அதே துத்தநாகம். 2012இல் வெளியான முடிவின்படி, கார்பன் டைஆக்சைடை மாற்றும் வேலையில் அது இயற்கை நொதியைவிடச் சில நூறு மடங்குதான் பின்தங்கியிருந்தது. இயற்கையில் இல்லாத, சின்னஞ்சிறு பெப்டைடுக்கு இது பெரிய சாதனை. ஆனால் மீதமுள்ள அந்தச் சில நூறு மடங்கு எங்கே ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். இயற்கை நொதியில் 199ஆம் இடத்து திரியோனின், துத்தநாகத்தின் மேல் உள்ள நீரோடு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டு அதைச் சரியான திசையில் திருப்பி வைக்கிறது. பக்கத்தில் நீரை வெறுக்கும் ஒரு சுவர், கார்பன் டைஆக்சைடு வந்து உட்கார. கொஞ்சம் தள்ளி 64ஆம் இடத்தில் இன்னொரு ஹிஸ்டிடின், புரோட்டானை வாங்கி வெளியே கடத்துவதற்கு. இவற்றில் ஒன்றுகூட துத்தநாகத்தைத் தொடுவதில்லை. தொடாமலே வேலை செய்யும் இந்த வட்டத்தைத்தான் இரண்டாம் அணைவுக் கோளம் என்கிறார்கள்.

உலோகத்தை நேரடியாகத் தொடும் அணுக்கள் முதல் கோளம். எந்த வினை நடக்கலாம் என்பதைப் பெரும்பாலும் அவை முடிவு செய்யும். எவ்வளவு வேகமாக, எந்தப் பக்கத்திலிருந்து, எந்த மூலக்கூறில் நடக்க வேண்டும் என்பதை இரண்டாம் கோளம் முடிவு செய்யும். உங்கள் சரிபாதி முடிவு இந்த இரண்டாவது கணக்கைச் சேர்ந்தது.

சரி, இந்தச் சிரமத்தை ஏன் எடுத்துக்கொள்கிறோம்? ரோடியம், இரிடியம், ருத்தேனியம், பல்லேடியம் போன்ற உலோகங்கள் செய்யும் பல வினைகளை எந்த உயிரினமும் செய்வதில்லை. உயிர்கள் தங்களைச் சுற்றித் தாராளமாகக் கிடைத்ததை எடுத்துக்கொண்டன: இரும்பு, துத்தநாகம், தாமிரம், மாங்கனீசு, கோபால்ட், நிக்கல், மாலிப்டினம். மறுபக்கம், ஒரு புரதத்தால் முடிகிற அளவுக்கு வினைபடுபொருளைச் சுற்றி வளைத்து, ஒரே நிலையில் நிறுத்தி, சாதாரண வெப்பநிலையில், நீரில் வேலை வாங்குவது சிறிய ஈனிகளால் (உலோகத்தைப் பிடித்து நிற்கும் மூலக்கூறுகளால்) ஆகாது. அதைவிட முக்கியமாக, புரதத்தை ஒரு மரபணுவை மாற்றி மாற்றித் திருத்திக்கொண்டே போகலாம். புதிய ஈனி ஒன்றைச் செய்ய வேதியியலாளருக்கு வாரக்கணக்கில் ஆகும். ஒரே வாரத்தில் நூறு புரத வடிவங்களைச் செய்து பார்த்துவிட முடியும். இந்த வசதிதான் என்னைப் பொறுத்தவரை மற்ற எல்லாக் காரணங்களையும்விடப் பெரியது.

இயற்கை நொதியின் உலோகத்தை மாற்றிப் பார்க்கும் முயற்சி 1970களிலேயே வந்துவிட்டது. 1976இல் யமமுராவும் கைசரும், புரதத்தை வெட்டும் கார்பாக்ஸிபெப்டிடேஸ் என்ற நொதியில் துத்தநாகத்தை எடுத்துவிட்டுத் தாமிரத்தை வைத்து, அதற்கு ஆக்சிஜனேற்றும் குணத்தை வரவழைத்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து வில்சனும் வைட்சைட்ஸும் செய்தது துறையின் போக்கையே மாற்றியது. பயோட்டின் என்ற வைட்டமினை முட்டை வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் புரதம் விடாப்பிடியாகப் பிடிக்கும். பயோட்டினின் வாலில் ஒரு ரோடியம் அணைவை, அதாவது ரோடியமும் அதைப் பிடிக்கும் டைபாஸ்பீன் ஈனியும் சேர்ந்ததைக் கட்டி, அவிடினுக்குள் விட்டார்கள். பிறகு ஒரு அமினோ அமில முன்னோடியை ஹைட்ரஜனேற்றம் செய்தார்கள். இரண்டு கை வடிவங்களில் ஒன்று சுமார் 40 சதவீதம் மிகையாக வந்தது. அதாவது ஏறக்குறைய எழுபதுக்கு முப்பது. பெரிய எண் இல்லைதான். ஆனால் கட்டிய அணைவில் தனக்கென்று கை வேறுபாடு காட்டும் அமைப்பு கிடையாது, அந்த விருப்பம் முழுக்கப் புரதச் சூழலிலிருந்து வந்தது. நீங்கள் தேடுவதும் அதே விருப்பத்தைத்தான்.

அந்த யோசனை பிறகு பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. மரபணுவை விரும்பியபடி மாற்றும் வசதி அன்றாடமாக ஆன பிறகு, தாமஸ் வார்டு 2000களில் அதை மறுபடி கையில் எடுத்தார். அவிடினுக்குப் பதில் அதன் பாக்டீரிய உறவினரான ஸ்ட்ரெப்டாவிடின். இந்தப் புரதத்தில் 112ஆம் இடத்தில் உள்ள செரின், உள்ளே வந்து உட்காரும் உலோகத்துக்கு மிக அருகில் இருக்கிறது. அந்த ஒரே அமினோ அமிலத்தை மாற்றியதில் ஹைட்ரஜனேற்றத்தின் தேர்வுத்திறன் 90 சதவீதத்தைத் தாண்டியது. வளைய இமீன்களை (கார்பன் நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பு உள்ளவை) ஒடுக்கும் இரிடியம் வடிவத்தில் இன்னும் அழகான ஒன்று தெரிந்தது: 112இல் அலனின் வைத்தால் ஒரு கை, லைசின் வைத்தால் எதிர்க்கை. உலோகம் அதேதான், ஈனி அதேதான், அருகில் இருப்பவர் மட்டும் மாறினார். நீங்கள் உங்கள் புரதத்தின் மாதிரியைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு, தாமிரத்திலிருந்து 5 முதல் 8 ஆங்ஸ்ட்ராம் (ஒரு நானோமீட்டரில் பத்தில் ஒன்று) தொலைவுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எடுங்கள். அங்கே ஒன்றுமில்லாமல் நீர் மட்டும் இருந்தால் உங்கள் பிரச்சினை அங்கேயே தெரிந்துவிடும்.

ஸ்ட்ரெப்டாவிடின் இவ்வளவு பிரபலமானதற்கு அதன் முரட்டு உறுதியும் ஒரு காரணம். வெப்பம், கரைப்பான், மாறும் அமிலத்தன்மை எல்லாவற்றையும் தாங்கும். பயோட்டினை அது எவ்வளவு எளிதில் விடும் என்பதைக் காட்டும் பிரிகை மாறிலி 10இன் அடுக்கு கழித்தல் 14 மோலார் என்ற மிகச் சிறிய வரிசையில் இருப்பதால், உள்ளே போன உலோகம் வெளியே வரும் கவலை இல்லை. எத்தனை இடங்கள் காலியாக இருக்கின்றன என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஹாபா என்ற சாயத்தைப் புரதத்தோடு சேர்த்தால் கரைசல் ஆரஞ்சு நிறமாகும். பயோட்டின் கட்டிய உலோக அணைவைச் சிறிது சிறிதாக விட விட, சாயம் வெளியே தள்ளப்பட்டு நிறம் மஞ்சளுக்கு இறங்கும். 500 நானோமீட்டரில் அளந்துகொண்டே போனால், நான்கு இடங்களும் நிரம்பும் புள்ளியில் கோடு வளைந்து நேராகிவிடும். உலோகம் சேரவேண்டிய இடத்தில்தான் சேர்ந்ததா என்பதற்கு இத்தனை எளிய சாட்சி வேறு அமைப்புகளில் கிடைப்பது அரிது.

இன்னொரு வழி, இயற்கை ஏற்கெனவே செய்துவைத்த இருக்கையில் ஆளை மாற்றுவது. மயோகுளோபின் புரதத்தில் ஹீமை, அதாவது இரும்பை நடுவில் பிடித்திருக்கும் போர்பிரின் வளையத்தை எடுத்துவிட்டு, வேறு உலோகம் கொண்ட போர்பிரினை வைப்பது இந்த வகை. இதை ஒருமுறையாவது கையால் செய்து பாருங்கள் என்று என்னிடம் பயிலும் எல்லாரிடமும் சொல்வேன். பழுப்பு நிற மயோகுளோபின் கரைசலைப் பனிக்கட்டியில் வைத்து, அமிலம் சொட்டுச் சொட்டாக விட்டு பிஹெச்சை 2 அருகே இறக்க வேண்டும். அந்த அமிலத்தில் ஹிஸ்டிடின் இரும்பை விட்டுவிடும், புரதத்தின் பிடி தளரும். அப்போது குளிர்ந்த எத்தில் மெத்தில் கீட்டோனை ஊற்றிக் கலக்கிவிட்டு வைத்தால், பழுப்பு நிறம் முழுவதும் மேல் அடுக்குக்கு ஏறிவிடும். கீழே நிறமற்ற நீர். அந்த நிறமற்ற நீரில்தான் வெற்றுப் புரதம் இருக்கிறது. மேல் அடுக்கில் நிறம் தெரியாத வரை இரண்டு மூன்று முறை திரும்பச் செய்ய வேண்டும். பிறகு தாங்கல் கரைசலில் ஊறவைத்து மெதுவாக மடிய விட வேண்டும். அவசரப்பட்டால் வெள்ளை வெள்ளையாகத் திரிந்துவிடும், அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. கடைசியில் புதிய போர்பிரினை விடும்போது, கரைசலில் தனியாக இருந்தபோது அகன்று மழுங்கியிருந்த ஒளி உறிஞ்சல் முகடு, பைக்குள் போனதும் கூர்மையாக எழும்பும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அந்த முகடு அலுப்பதில்லை.

ஜான் ஹார்ட்விக்கின் குழு 2016இல் இரும்புக்குப் பதில் இரிடியம் போர்பிரினை மயோகுளோபினிலும், பிறகு வெப்பத்தை விரும்பும் ஒரு நுண்ணுயிரின் பி450 என்ற ஹீம் நொதியிலும் வைத்தது. இந்த அமிலச் சித்திரவதை இல்லாமலே, இரும்பு குறைந்த ஊடகத்தில் பாக்டீரியாவை வளர்த்து வெற்றுப் புரதத்தையே நேரடியாக எடுத்தார்கள் என்பது அதில் முக்கியமான செய்முறை முன்னேற்றம். கார்பன் ஹைட்ரஜன் பிணைப்புக்குள் கார்பீனை (இரண்டே பிணைப்பு கொண்ட, வினைத்தீவிரமான கார்பன்) நுழைக்கும் வேலையை இயற்கை நொதிகளுக்கு ஒப்பான வேகத்தில் செய்தது அந்த பி450 வடிவம்.

மயோகுளோபினில் யி லூ செய்தது வேறு மாதிரி. அவர் ஹீமைத் தொடவில்லை. ஆக்சிஜனைச் சேமித்து வைக்கும் இந்தப் புரதத்தை, ஆக்சிஜனை நீராக ஒடுக்கும் நொதியாக்க நினைத்தார். சுவாச நொதியில் ஹீமுக்கு எதிரே ஒரு தாமிர மையம் இருக்கிறது அல்லவா, அதுபோல ஒன்றுக்காக இரண்டு இடங்களில் ஹிஸ்டிடின் வைத்தார். இரண்டு ஹிஸ்டிடினோடு ஒரு டைரோசினையும் சரியான இடத்தில் சேர்த்தபோதுதான் ஆயிரம் சுழற்சிகளுக்கு மேல் தாங்கும் நொதி கிடைத்தது. அது 2012. அந்த டைரோசின் புரோட்டானையும் எலக்ட்ரானையும் கொடுக்கும் வேலைக்கு. திரும்பத் திரும்ப இதேதான் நடக்கிறது: உலோகத்தைத் தொடும் அமினோ அமிலம் வேலையைத் தொடங்கி வைக்கிறது, அருகில் இருப்பது அதை முடித்து வைக்கிறது.

பிரான்சிஸ் ஆர்னால்டின் வழியில் உலோகம்கூட மாறுவதில்லை. இயற்கை ஹீம் நொதிக்கு இயற்கை காணாத வினைபடுபொருளைக் கொடுப்பது. 2013இல் அவர் குழு பி450 நொதி ஒன்றுக்கு, கார்பீனைத் தரும் டையசோ எஸ்டரைக் கொடுத்து சைக்ளோபுரோப்பேன் வளையம் கட்ட வைத்தது. இதைச் செயற்கை உலோக நொதி என்று சொல்லலாமா கூடாதா என்று சிலர் வாதிடுவார்கள். எனக்கு அந்த எல்லைக்கோட்டில் ஆர்வமில்லை. பாடம்தான் வேண்டும். ஹீம் இரும்பின் அடியில் இருந்த சிஸ்டீனை செரினாக மாற்றியதும் இரும்பின் ஒடுக்க மின்னழுத்தம், அதாவது எலக்ட்ரானை ஏற்கும் விருப்பம் உயர்ந்தது. செல்லுக்குள் இருக்கும் சாதாரண ஒடுக்கிகளே அதை வேலை செய்யும் நிலைக்குக் கொண்டுவர முடிந்தது. கார்பன் மோனாக்சைடு பிணைந்தால் 450 நானோமீட்டரில் தெரியும் முகடு 411க்கு இறங்கியதால், அந்த நொதிக்கே பி411 என்று பெயர் வந்துவிட்டது. 2016இல் கடல் வெந்நீரில் வாழும் ஒரு பாக்டீரியத்தின் சைட்டோகுரோம் சி, மூன்றே மூன்று மாற்றங்களோடு கார்பன் சிலிக்கான் பிணைப்பை 99 சதவீதத்துக்கு மேல் ஒரே கையில் கட்டியது. உயிர்களில் அப்படி ஒரு பிணைப்பைக் கட்டும் நொதி அதுவரை தெரியாது. எலக்ட்ரானைக் கடத்துவது மட்டுமே தொழிலாக இருந்த புரதம் அது. மாற்றிய மூன்றில் ஒன்று, இரும்பை ஒரு பக்கம் அடைத்துக்கொண்டிருந்த மெத்தியோனின். வாசல் திறந்ததும் புது வேலை உள்ளே வந்தது.

வாசலைப் பற்றிப் பேசும்போது, உங்கள் புரதத்துக்கு மிக நெருங்கிய உறவினர் ஒன்றைச் சொல்ல வேண்டும். வில்லியம் டிகிராடோவும் ஏஞ்சலா லொம்பார்டியும் வடிவமைத்த டூயே ஃபெர்ரி, அதாவது இத்தாலிய மொழியில் இரண்டு இரும்பு. ஒன்றுமில்லாத நிலையிலிருந்து எழுதிய நான்கு சுருள் புரதம், நடுவில் இரண்டு இரும்புக்கான இருக்கை. முதல் வடிவம் அழகாக மடிந்தது, உலோகத்தையும் பிடித்தது. ஆனால் மையத்தின் வாசலில் இரண்டு லியூசின்கள் அடைத்துக்கொண்டு நின்றதால் வெளியிலிருந்து எதுவும் உலோகத்தை எட்ட முடியவில்லை. லியூசினை அலனினாகவும் கிளைசினாகவும் சுருக்கியதும் வழி கிடைத்தது, கூடவே புரதத்தின் நிலைத்தன்மையும் இறங்கியது. இந்தப் பேரத்திலிருந்து யாரும் தப்ப முடியாது. புரதத்தை உறுதியாக்குவது நெருக்கமாக அடைபட்ட உட்புறம். வினை நடக்க வேண்டியது உட்புறத்தில் ஒரு வெற்றிடத்தில். எனவே தொடக்கத்திலேயே தேவைக்கு மேல் உறுதியான ஒரு புரதத்தை எடுங்கள், பிற்பாடு செலவழிக்கக் கையிருப்பு வேண்டும். நான்கு சுருள் புரதங்களில் உலோகம் பெரும்பாலும் இரண்டு எல்லையில் ஒன்றில் போய் நிற்கும்: ஒன்று உள்ளே புதைந்து யாரும் எட்ட முடியாமல், இல்லையென்றால் மேற்பரப்பில் எல்லாப் பக்கமும் திறந்து. உங்கள் வினை நடக்கிறது என்பதால், நீங்கள் இரண்டாவது எல்லையில் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

வெற்றிடம் கிடைத்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஒரு துத்தநாகப் புரதத்தின் கதை இருக்கிறது. பிரையன் குல்மனின் குழு இரண்டு சிறு பெப்டைடுகளைத் துத்தநாகத்தால் ஒட்டவைக்க வடிவமைத்தது. ஒவ்வொரு துத்தநாகத்துக்கும் நான்கு ஹிஸ்டிடின்கள் என்று கணக்கு. கட்டமைப்பைப் பார்த்தபோது, ஒரு ஹிஸ்டிடின் உலோகத்தைப் பிடிக்காமல் விலகி நின்றது. அந்தத் தவறிய நான்காம் இடம் காலியாக இருந்ததால் எஸ்டரை உடைக்கும் திறன் லேசாக எட்டிப் பார்த்தது. டொனால்ட் ஹில்வெர்ட்டின் குழு அதை எடுத்து, இரண்டையும் ஒரே சங்கிலியாக்கி, சுற்றுக்குச் சுற்று திருத்தியது. 2018இல் வெளியிட்ட வடிவத்தின் வினைத்திறன் பல பத்தாயிரம் மடங்கு உயர்ந்து, நல்ல இயற்கை நொதிகளின் வரிசைக்கு வந்திருந்தது. ஒரே கை வடிவத்தை மட்டும் தேர்ந்தெடுக்கவும் கற்றிருந்தது. முதல் கோளம் கடைசிவரை அதே மூன்று ஹிஸ்டிடின்தான். உங்களிடம் இருப்பதும் அதே மூன்று.

ஆனால் உங்கள் உலோகம் தாமிரம், அதற்கென்று சில குணங்கள் உண்டு. இர்விங்–வில்லியம்ஸ் வரிசை நினைவிருக்கும்: மாங்கனீசிலிருந்து தாமிரம் வரை பிணைப்பின் உறுதி ஏறிக்கொண்டே போகும், துத்தநாகத்தில் இறங்கும். அப்படியென்றால் தாமிரம் ஹிஸ்டிடின் கிடைக்கும் இடமெல்லாம் உட்காரும். நீங்கள் குறித்த இருக்கைதான் வேண்டும் என்று அது காத்திருக்காது. இன்னொன்று, இருமின்னூட்டத் தாமிரம் சதுரத் தளத்தை விரும்பும், ஒரு மின்னூட்டத் தாமிரம் நான்முகியை விரும்பும். வினையின்போது இரண்டுக்கும் இடையே மாறவேண்டிய தேவை இருந்தால், ஒன்றுக்கு மட்டும் கச்சிதமாகப் பொருந்தும் இருக்கை அந்தத் தாமிரத்தைச் சிறைப்பிடித்துவிடும். பிளாஸ்டோசயனின், அசூரின் போன்ற நீலத் தாமிரப் புரதங்கள் இரண்டுக்கும் நடுவான ஒரு வடிவத்தில் தாமிரத்தை நிறுத்தி வைப்பதால்தான் எலக்ட்ரானை அவ்வளவு எளிதாக வாங்கிக் கொடுக்கின்றன. பிணைப்பு எவ்வளவு உறுதி என்ற எண்ணை மட்டும் துரத்தினால் இது கண்ணில் படாது.

தாமிரத்துக்கு என் மனதுக்குப் பிடித்த வழி, கெரார்டு ரூல்ஃபஸ் எடுத்தது. எல்எம்ஆர்ஆர் என்ற பாக்டீரியப் புரதம் இரண்டிரண்டாகச் சேரும். சேரும் இடத்தில் நீரை வெறுக்கும் ஒரு பெரிய குகை, அதன் இரு பக்கமும் 96ஆம் இடத்து டிரிப்டோபேன்கள் இரண்டு தட்டுகளைப் போல. தாமிரமும் பினான்த்ரோலின் என்ற தட்டையான வளைய ஈனியும் சேர்ந்த அணைவு அந்தத் தட்டுகளுக்கு நடுவே தானாகப் போய்ச் செருகிக்கொள்ளும். உலோகத்தைப் பிடிக்கும் அமினோ அமிலம் ஒன்றுகூடத் தேவையில்லை. வினைபடுபொருளும் நீரை வெறுப்பதாக இருந்தால் அதே குகைக்குள் வந்து நெருக்கியடித்து நிற்கும். இன்னொரு வடிவத்தில், பைபிரிடின் என்ற உலோகம் பிடிக்கும் வளைய அமைப்பு கொண்ட செயற்கை அமினோ அமிலத்தை மரபணுவின் நிறுத்தக் குறியீடு ஒன்றின் வழியாகவே புரதத்தில் எழுதிவிட்டார்கள். அப்போது தாமிரத்துக்கு முகவரி சந்தேகமே இல்லை. ஹிஸ்டிடின்களை மட்டும் நம்பாமல் இந்தப் பைபிரிடின் வழியை நீங்களும் யோசிக்கலாம்.

இப்போது திருத்தும் வேலை. ஐந்து இடங்களைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றிலும் இருபது அமினோ அமிலங்களையும் முயன்றால் 32 லட்சம் வடிவங்கள். இரண்டு இடம் என்றால் 400. எனவே பெரும்பாலானவர்கள் ஓரிரு இடங்களாக எடுத்து, சிறந்ததை வைத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போகிறார்கள். சிக்கல் எண்ணிக்கையைவிட, ஒவ்வொரு வடிவத்தையும் தூய்மைப்படுத்த ஆகும் நேரத்தில் இருக்கிறது. செல்லுக்குள்ளேயே சோதிக்கலாம் என்றால் குளூட்டாதயோன் என்ற கந்தகம் கொண்ட சிறு மூலக்கூறு குறுக்கே வரும். ஈ. கோலி பாக்டீரியாவின் உள்ளே அது மில்லிமோலார் அளவில் இருக்கிறது, அதன் கந்தகம் விலைமதிப்பான உலோகங்களைப் பிடித்துச் செயலிழக்கச் செய்துவிடும். வார்டின் குழு 2016இல் இதற்கு ஒரு நல்ல தீர்வு சொன்னது: ஸ்ட்ரெப்டாவிடினை செல்லின் உட்புறத்திலிருந்து இரண்டு சவ்வுகளுக்கு நடுவே உள்ள பெரிபிளாசத்துக்கு அனுப்பிவிடுவது. அங்கே குளூட்டாதயோன் மிகக் குறைவு. ருத்தேனியம் மெட்டாதெசிஸ் (இரட்டைப் பிணைப்புகளின் பாதிகளை இடம் மாற்றும் வினை) செய்தால் அம்பெல்லிபெரோன் என்ற ஒளிரும் மூலக்கூறு உருவாகும்படி வினைபடுபொருளையும் அமைத்தார்கள். சோதனைத் தட்டின் எந்தக் குழியில் அதிகம் ஒளிர்கிறதோ அந்தப் பாக்டீரியா அடுத்த சுற்றுக்கு. உங்களால் ஒளியாகவோ நிறமாகவோ பார்க்க முடிகிற ஒரு வினையை முதலில் தேர்ந்தெடுத்துக்கொண்டால் ஓராண்டு மிச்சம்.

கணினி இதில் எங்கே வருகிறது என்றும் கேட்பீர்கள். புதிய புரத மடிப்புகளைக் கேட்டவுடன் வரைந்துகொடுக்கும் அளவுக்கு அது வளர்ந்திருக்கிறது. டேவிட் பேக்கருக்கு 2024இல் நோபல் கிடைத்தது அதற்குத்தான். அதே ஆண்டு வந்த ஆல்ஃபாஃபோல்டு 3 உலோக அயனிகளையும் சிறு மூலக்கூறுகளையும் சேர்த்தே வடிவத்தைக் கணிக்கிறது. ஆனால் வடிவத்தைக் கணிப்பது வேறு, வினைவேகத்தைக் கணிப்பது வேறு. இடைநிலை உலோகங்களின் சுழல் நிலை, ஆக்சிஜனேற்ற நிலை, ஈனி விலகி மீண்டும் சேர்வது எல்லாம் குவாண்டம் கணக்கின் பிரதேசம், அதை ஆயிரக்கணக்கான வடிவங்களுக்குப் போட முடியாது. என் அனுபவத்தில் கணினி நல்ல தொடக்கப் புள்ளியைத் தருகிறது, மீதியை ஆய்வக மேசைதான் தருகிறது.

கடைசியில் சொல்வதாகச் சொன்ன சோதனைக்கு வருகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் எங்களுக்கும் இதே சரிபாதி முடிவு வந்தது, விளைச்சல் மட்டும் பிரமாதமாக இருந்தது. மூன்று மாதம் உள்ளே இருந்த அமினோ அமிலங்களை மாற்றிக்கொண்டே இருந்தோம். எதை மாற்றினாலும் முடிவு மாறவில்லை. அப்போதுதான் தூய்மைப்படுத்தும் வசதிக்காகப் புரதத்தின் முனையில் ஒட்டியிருந்த ஆறு ஹிஸ்டிடின் வாலைப் பார்த்தோம். தாமிரத்தில் பெரும்பங்கு அந்த வாலில் உட்கார்ந்துகொண்டு, வெட்டவெளியில் வினையைச் செய்துகொண்டிருந்தது. உங்கள் புரதத்திலும் அந்த வால் இருந்தால் முதல் வேலையாக அதை வெட்டிவிடுங்கள், அல்லது உலோகத்தைத் தொடாத வேறு வாலுக்கு மாறுங்கள். நிக்கல் நிரப்பிய குழாயில் தூய்மைப்படுத்தியிருந்தால், கசிந்த நிக்கல் உங்கள் இருக்கையை ஏற்கெனவே பிடித்திருக்கிறதா என்றும் அளந்து பாருங்கள்.

பிறகு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். தளர்ந்து திரியும் தாமிரம், பிணைந்த தாமிரத்தைவிடப் பத்து மடங்கு வேகமானது என்று வைத்துக்கொள்வோம். மொத்தத் தாமிரத்தில் பத்தில் ஒரு பங்கு தளர்ந்திருந்தாலே, பாதிக்கு மேல் விளைபொருள் அதிலிருந்துதான் வரும், கை வேறுபாடு இல்லாமல். எனவே புரதம் உலோகத்தைப் பிடிப்பதோடு வினையை வேகப்படுத்தவும் வேண்டும். ரூல்ஃபஸின் குகை, ஸ்ட்ரெப்டாவிடினின் நல்ல வடிவங்கள் எல்லாம் இந்த ஒரு தேர்வில் தேறியவை. வெறும் தாமிர உப்பு, உங்கள் புரதமும் தாமிரமும், மூன்று ஹிஸ்டிடினையும் அலனினாக்கிய புரதமும் தாமிரமும், உலோகமே இல்லாத புரதம் என்று நான்கு குப்பிகளை ஒரே நாளில் ஓடவிட்டு, தொடக்க வேகத்தை ஒப்பிடுங்கள். ஐந்தாவதாக ஒன்று: தாமிரம் அதே அளவு இருக்க, புரதத்தை மட்டும் ஒன்றரை மடங்கும் இரண்டு மடங்கும் ஆக்குங்கள். வேகம் சரிந்தால், வேலை செய்தது வெளியே இருந்த தாமிரம்.

வேகம் சரியவில்லை, ஹிஸ்டிடின் இல்லாத புரதத்தில் வினை நின்றுவிடுகிறது, ஆனாலும் சரிபாதிதான் என்றால், தாமிரம் சரியான இடத்தில்தான் இருக்கிறது, ஆனால் இரு பக்கமும் திறந்து கிடக்கிறது என்று பொருள். அப்போது ஒரு பக்கத்தை அடையுங்கள். சுருள் ஒன்றில் தாமிரத்துக்கு மேலே ஒரு திருப்பம் தள்ளியிருக்கும் இடத்தில் முதலில் டிரிப்டோபேன், பிறகு பினைல்அலனின், பிறகு லியூசின் என்று வைத்துப் பாருங்கள். எதிர்ப் பக்கத்தில் அதே உயரத்தில் அலனின் இருக்கட்டும். பிறகு பக்கத்தை மாற்றி அதே மூன்றையும் வைத்துப் பாருங்கள். ஆறே வடிவங்கள் போதும், சரிபாதியிலிருந்து அறுபதுக்கு நாற்பது என்று ஒன்று நகர்ந்தாலும் அந்தச் சுருளைப் பிடித்துக்கொண்டு அடுத்த சுற்றுக்குப் போகலாம்.